கண்ணாயிரம் சொன்ன ஒரே வெள்ளம்

கண்ணாயிரத்துக்கும் வானத்துக்கும் இருந்த உறவு, ரேஷன் கடையில் எடை போடுகிறவருக்கும் நெல் வயலுக்கும் உள்ள உறவுதான். விளைவிப்பது வேறு யாரோ. கொட்டிய பிறகு அளப்பது மட்டும் இவர்.

காஞ்சிபுரத்தில் ஒரு சர்க்கார் அலுவலகம். எந்த அலுவலகம் என்பது எதற்கு? எல்லா அலுவலகத்திலும் அதே புளியமரமும் அதே மூன்றுகால் நாற்காலியும்தான். அதன் பின்பக்கம் முள்கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி நின்றது. மேலே வாய் திறந்த ஒரு தகரக் குழாய், அவ்வளவுதான். காலை எட்டரை மணிக்கு உள்ளே சேர்ந்திருக்கும் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுத வேண்டும். எழுபத்தொன்பதில் கூரம் கிராமத்திலிருந்து வந்து கடைநிலை ஊழியராகச் சேர்ந்த கண்ணாயிரத்திடம் இதை ஒப்படைத்தார்கள். வேறு யாரும் ஏற்கவில்லை என்பதுதான் அவருடைய தகுதி.

அளந்தாரா என்றால் அளந்தார். ஞாயிற்றுக்கிழமை பெய்ததைத் திங்கட்கிழமை ஞாபகத்திலிருந்து அளந்தார். குழாயில் வேப்பிலை அடைத்துக்கொண்ட நாட்களில் பக்கத்து ஊர்க் கணக்கைக் கேட்டு, அதில் பாதியைப் போட்டார். குடுவை உடைந்துபோன ஒரு வருஷம் முழுக்க ஊறுகாய் பாட்டிலில் கோடு கிழித்து அளந்தார். அந்த வருஷம் மழை அமோகம் என்று அறிக்கை சொல்கிறது. ஏரிகளுக்குத்தான் விஷயம் தெரியவில்லை.

இப்படிப்பட்டவரிடம் போய் ஊர் ஜோசியம் கேட்டது. கேட்டவர்கள் நெசவாளர்கள். பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றப்போகும் நீள இழைகளை, விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துவது அவர்கள் வழக்கம். நடுவில் நாலு தூறல் விழுந்தால் பத்து நாள் பிழைப்பு போச்சு. அதனால் பாவு நீட்டும் முன் வானத்தைப் பற்றி யாரையாவது கேட்டே ஆக வேண்டும். நேற்றுப் பெய்ததை அளக்கிறவருக்கு நாளை பெய்யப்போவது தெரியாமலா இருக்கும் என்பது அவர்கள் கட்சி. பிரேதத்தைக் குளிப்பாட்டுகிறவரிடம் போய் ஆயுள் கேட்பது போல.

முதல் தடவை கேட்டபோது கண்ணாயிரம் திருதிருவென்று விழித்தார். அன்று சென்னையிலிருந்து தொலைபேசியில் வந்திருந்த குறிப்பு கைவசம் இருந்தது. "ஓரிரு இடத்துல இடியோட மழை பெய்யலாம்பா" என்று எடுத்து விட்டார். கேட்டவன் பாவு நீட்டவில்லை. அன்று ஓரிக்கைப் பக்கம் நாலு சொட்டு விழுந்தது. கண்ணாயிரம் பலித்துவிட்டார்! மறுநாள் இன்னொருவன் கேட்டான். அதே பதில். மழை வரவில்லை. "நம்ம இடம் அந்த ஓரிரு இடத்துல இல்லைபோல" என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டு போனான். அன்றைக்குக் கண்ணாயிரத்துக்கு ஞானம் பிறந்தது. எதையும் சொல்லாமல் இருப்பதற்கும் ஒரு வாக்கியம் உண்டு, அது ஒருநாளும் பொய்க்காது.

அதற்குப் பிறகு டீக்கடையில் அவருக்கு முதல் டிகாக்ஷன். கல்யாண வீட்டில் பந்தல் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை. வீட்டில் மட்டும் அவர் செல்லுபடியாகவில்லை. "எம் புருஷன் மழை வராதுன்னா வடாத்தை எடுத்து உள்ள வெச்சிடுவேன், வரும்னு சொன்னார்னா மொளகாயையும் சேர்த்துக் காயப்போடுவேன்" என்று அவர் மனைவி பெரியநாயகி தண்ணீர்க் குழாயடியில் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆபீசில் ஒரு போட்டிக் கடையும் இருந்தது. தலைமை எழுத்தர் பார்த்தசாரதி, சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். அந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும். மற்றபடி பாச்சா சார். அவர் மேஜை இழுப்பறையில் பஞ்சாங்கம். இந்த வருஷத்து மேகத்துக்கு அதிபதி யார், மழை எத்தனை மரக்கால், அதில் கடலுக்கு எவ்வளவு, மலைக்கு எவ்வளவு, பூமிக்கு எவ்வளவு எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"உன் தகரக் குழாய் நேத்திக்குப் பெஞ்சதைச் சொல்லும். என் புஸ்தகம் போன தைலேயே அச்சாயிடுத்து. யார்யா பெரியவா?" என்பார்.

"உங்க புஸ்தகம் கடலுக்கும் மலைக்கும் பிரிச்சுக் குடுக்குது சார். எங்க தெருவுக்கு எவ்ளோன்னு ஒரு நாளும் போடலியே?"

"தெருவுக்கெல்லாம் போட்டா அது பஞ்சாங்கமா, தபால்காரன் பையா?"

இப்படி இருவரும் ஆளுக்கொரு பக்கமாக ஊரின் மழையைக் கவனித்துக்கொண்டிருந்தபோதுதான் இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத்து ஆவணி வந்தது.

இரண்டு வாரமாகச் சாயங்காலம் தவறாமல் இடி. மேற்கே உள்ள சின்ன ஏரிகளெல்லாம் கலங்கல் மட்டத்துக்கு வந்து, இன்னும் ஒரு குடம் ஊற்றினாலும் வழியும் என்ற நிலை. அப்படி ஒரு நாள் மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து தொலைபேசி. ஓரிரு இடங்களில் இடியுடன் கன மழை. பாச்சா சார் அதை எழுதிக்கொண்டு ஆபீசர் அம்மா மங்கையர்க்கரசியிடம் நீட்டினார். அவர் தலையைத் தூக்கவில்லை.

"வெள்ளத் தடுப்புக் கூட்டம் எப்போ?"

"வடகிழக்குப் பருவமழை ஃபைல்ல அக்டோபர் பத்துன்னு போட்டிருக்கு மேடம்."

"அப்போ அதுக்குள்ள வர்றது?"

"அது வெப்பச்சலனம் மேடம். அதுக்குன்னு ஃபைல் கிடையாது."

குறிப்பு ஆணியில் குத்தப்பட்டது. ஃபைல் இல்லாத மழை வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் சிட்டிபாபு சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு ஓடி வந்தான். வேகவதி ஆற்றை ஒட்டிய தெருவில் குழித்தறி வைத்திருந்த தெலுங்குக்கார நெசவாளி. குழித்தறி என்றால் தரையில் பள்ளம் தோண்டி, அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வது. அந்தத் தெருவில் அப்படிப் பதினாறு பள்ளம். ஆறு என்பது அங்கே பெயருக்குத்தான். சாக்கடையும் சாயக் கழிவும் சீமைக்கருவேலமும் ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொண்ட ஒரு வாய்க்கால். மேற்கே ஏரிகள் வழிந்தால் மட்டும் அது ஆறு.

"அண்ணா, இன்னிக்கு எப்டி?"

"ஓரிரு இடத்துல பெய்யலாம்பா. இடியோட."

சிட்டிபாபு நகரவில்லை. "எந்த எடம்ணா?"

"இன்னாது?"

"அந்த ஓரிரு எடம் எதுன்னு கேக்கறேன். தறியில முகூர்த்தப் புடவை பாதியில நிக்குது. ஒம்போது நாள்ல கல்யாணம். பாவை அவுத்துத் தூக்கினா மறுபடி பூட்டவே நாலு நாள் ஆவும். தூக்காம தண்ணி வந்துடுச்சுன்னா பட்டும் ஜரிகையும் சாக்கடையில ஊறிடும். இருந்தா இருக்குதுன்னு சொல்லு, இல்லாட்டி இல்லைன்னு சொல்லு. லாம் போடாத."

இருபத்திரண்டு வருஷத்தில் கண்ணாயிரத்தை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஜோசியத்துக்காகக் குடித்த டீயையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கேட்பது போல இருந்தது. தப்பிக்க வழி தேடி அண்ணாந்து பார்த்தார். வானம் பார்ப்பதாகப் பெயர் வாங்கியவர் அதை உண்மையிலேயே பார்த்தது அன்றுதான். தலைக்கு மேலே வெளுத்த நீலம். வெயில் சுள்ளென்று அடித்தது. மேற்கே மட்டும் ஒரு மேகம், அடி கருத்து, உச்சி கோபுரம்போல ஏறி, மேலே போய் ஒரு பக்கமாகத் தட்டையாய்ப் படர்ந்திருந்தது. கூரத்தில் வேர்க்கடலை பிடுங்கிய நாளில் அவருடைய அப்பா இதைப் பார்த்திருந்தால் மாட்டை அவிழ்த்திருப்பார். ஓடுகிற மேகம் நனைத்துவிட்டுப் போகும். நிற்கிற மேகம்தான் வீட்டைக் கேட்கும். இது நின்றது.

ஆனால் நிற்பது எந்த ஊர் தலைமேல்?

"ஏறு பின்னாடி" என்றார் கண்ணாயிரம். ஆபீஸ் நேரத்தில், அனுமதி இல்லாமல், சிட்டிபாபுவை ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு மிதித்தார்.

வேலூர் பக்கத்து பஸ்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றார்கள். மூன்றே முக்காலுக்கு ஒன்று வந்தது. ஊரே காய்ந்து கிடக்கிறது, பஸ் மட்டும் குளித்துவிட்டு வந்தது போலக் கூரையிலிருந்து சொட்டியது.

"எங்கப்பா மழை?"

"ஓச்சேரி தாண்டினதுலேர்ந்து" என்றார் கண்டக்டர். "கண்ணே தெரியலை."

அடுத்தது நாலு மணிக்கு வர வேண்டியது, நாலே காலுக்கு வந்தது. சக்கரம் முழுக்கச் செம்மண். "தாமல்ட்ட ரோட்டு மேல முட்டியளவு தண்ணி. சும்மா இல்லை, ஓடுது" என்றார் டிரைவர். எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று கண்ணாயிரம் கேட்டார். டிரைவர் அவரைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுக் கிழக்கே கை காட்டினார். இந்த ஊர்ப் பக்கம்.

மூன்றாவது பஸ் நாலரைக்கு. நாலரை ஆனது. நாலே முக்கால் ஆனது. பஸ் வரவில்லை.

"தூக்குபா" என்றார் கண்ணாயிரம்.

"வரும்ன்றியா?"

"மழை இங்க வராது. தண்ணி வரும். தாமல்லேர்ந்து ஆள் நடந்து வர்ற நேரம்தான், ரெண்டரை மணி நேரம். தூக்கு."

வாயிலிருந்து வந்துவிட்டது. மழை எங்கே, தண்ணீர் எங்கே, எப்போது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இதில் ஒளிந்துகொள்ள ஒரு ஓட்டைகூட இல்லை.

தெருவில் போய் வீடு வீடாகச் சொன்னார். தெரு சிரித்தது. மேலே நிர்மலமான வானம், சாயங்கால வெயிலில் பொன் பூசினாற்போல எதிர்வீட்டுச் சுவர். தெருவில் நாலு பேர் கேட்டு நடக்கிற ஆள் வீரபாகு. தறிக் குழியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "இன்னாய்யா, மழையே இல்லாம வெள்ளமா? அரிசியே இல்லாம பொங்கலா?" என்றான். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். யாரோ ஒருவன் சைக்கிளில் போய்ப் பாச்சா சாரைக் கேட்டுவிட்டும் வந்தான். இன்றைக்கு வாரம், நட்சத்திரம் எதுவும் ஜலத்துக்குப் பொருந்தவில்லை என்று பதில்.

சிட்டிபாபு மட்டும் குழிக்குள் இறங்கினான். நம்பி இறங்கினானா, கேட்டுத் தொலைத்தோமே என்று இறங்கினானா தெரியாது. பாவு இழை கோத்த அச்சைக் கழற்ற ஒருவர், பாவைச் சுருட்ட ஒருவர், நெய்தவரைக்குமான புடவையை மடியாமல் தாங்க ஒருவர் வேண்டும். அவன், அவன் மனைவி, மூன்றாவதாகக் கண்ணாயிரம். தகரக் குழாயைத் தவிர எதையும் நேராகப் பிடித்தறியாத கை, அன்று பாதிப் புடவையைக் கைக்குழந்தைபோல ஏந்தி நின்றது. ஆறரைக்குப் பட்டு முழுவதும் உத்தரத்தில் ஏறிவிட்டது.

ஏழு மணி. ஒரு சொட்டு இல்லை. வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"அண்ணா" என்றான் சிட்டிபாபு. குரல் தாழ்ந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "நாலு நாள் போச்சு. கடைக்காரர் கிட்ட இன்னான்னு சொல்லுவேன்? வானத்துல நட்சத்திரம் வந்துடுச்சு, பாரு."

கண்ணாயிரம் பார்க்கவில்லை. வெள்ளம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார். பதினாறு வீடு முழுகட்டும் என்று ஒரு மனுஷன் வேண்டலாமா என்றால், தன் வாக்கைக் காப்பாற்ற வேண்டியவன் வேண்டுவான். வேண்டிக்கொண்டே அதற்காக வெட்கமும் பட்டார்.

ஏழே காலுக்கு வேகவதி வந்தது. சத்தமே இல்லாமல் வந்தது. முதலில் நாற்றம், பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பிறகு கருவேல முள், அதன்பின் கரிய தண்ணீர். தெருவில் கணுக்கால், வீட்டுக்குள் முழங்கால், குழிக்குள் முழு ஆழம். பதினைந்து பாவு ஊறியது. ஆட்களுக்கு ஆபத்தில்லை, எல்லாரும்தான் கண்ணாயிரத்தைக் கேலி செய்ய வெளியே வந்து நின்றிருந்தார்களே!

மறுநாள் எட்டரைக்கு மழைமானியைத் திறந்தார். உள்ளே ஒரு செத்த எறும்பு. சர்வீசிலேயே முதல் தடவையாகப் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார்: 0. பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

பாச்சா சார் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னய்யா பண்ணியிருக்கே? இந்த மானியில கன மழைன்னு பதிவானாத்தான் வெள்ள நிவாரணம். மழையே பெய்யாத ஊர்ல வெள்ளம்னா மேல இருக்கறவன் நம்மளைன்னா வைத்தியத்துக்கு அனுப்புவான்!"

"பெய்யலை சார்."

"இத்தனை வருஷமா பெய்யாததெல்லாம் எழுதலையா நீ? இன்னிக்கு என்ன ஹரிச்சந்திர அவதாரம்?"

"நேத்து அங்க பெஞ்சுது, இங்க வந்துது. அதான சார் விசயமே."

"பதினஞ்சு குடும்பம்யா. உன் விஷயத்தைத் தூக்கிக் குப்பையில போடு."

கண்ணாயிரம் நோட்டிலிருந்து கையை எடுத்தார். பாச்சா சார் பேனாவைத் திறந்து, பூஜ்யத்துக்கு முன்னால் இரண்டு ஒன்று போட்டார். ஊரில் நூற்றுப்பத்து மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஆபீசர் அம்மா கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் வீட்டு மாடியில் அன்றிரவு துணி காய்ந்துகொண்டிருந்தது வேறு விஷயம்.

பட்டியல் எடுக்க வந்தபோது பதினைந்து வீட்டிலும் நனைந்த பாவைக் காட்டினார்கள். சிட்டிபாபு உத்தரத்தைக் காட்டினான். "உலர்ந்திருக்கேப்பா" என்றார் பாச்சா சார், குறை சொல்வது போல. 'முன்ஜாக்கிரதையாக இருந்தபடியால் தகுதி இல்லை' என்று அவன் பெயருக்கு நேரே எழுதினார்.

ஆனாலும் அவன் புடவையை எட்டாம் நாள் இரவே முடித்தான். தெருவில் ஓடிய ஒரே தறி அதுதான். பதினைந்து தறிக்குப் போக வேண்டிய அவசர வேலையெல்லாம் அவன் வாசலில் வந்து நின்றது. தெருவுக்கு அது பொறுக்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு மனு: மழைமானி ஊழியர், வெள்ளம் வருவது தெரிந்திருந்தும் வேண்டப்பட்ட ஒரு வீட்டுக்கு மட்டும் சொல்லி, மற்றவர்களை முழுக விட்டார். முதல் கையெழுத்து வீரபாகு.

கண்ணாயிரத்துக்கு மெமோ வந்தது. வானிலையை முன்கூட்டிச் சொல்ல உமக்கு அதிகாரம் கொடுத்தது யார்? அப்படி அதிகாரமின்றி அறிந்ததை ஏன் எல்லாருக்கும் அறிவிக்கவில்லை? அலுவலக நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் என்ன வேலை?

"எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் அடுத்ததுல மாட்டிப்பே" என்றார் பாச்சா சார், பெருமையாக. "நான்தானே டிராஃப்ட் பண்ணினேன்."

விசாரணை காலை பத்தரைக்கு. ஆபீசர் அம்மா நடுவில், பாச்சா சார் பேனாவோடு பக்கத்தில். வீரபாகு வந்து, "எங்ககிட்ட மூச்சு விடலைம்மா" என்று சத்தியம் செய்தான். அடுத்து சிட்டிபாபு.

"உன்கிட்ட இவர் வெள்ளம் வரும்னு சொன்னாரா?"

சிட்டிபாபு வீரபாகுவைப் பார்த்தான். கண்ணாயிரத்தைப் பார்த்தான். கடைசியில் தரையைப் பார்த்தான்.

"யாரும் ஒண்ணும் சொல்லலைம்மா. மனசுல தோணுச்சு, தூக்கினேன்."

"அப்போ பஸ் ஸ்டாண்டுக்கு?"

"எங்க மாமியார் ஊர்லேர்ந்து வர்றாங்களான்னு பாக்கப் போனேன். அண்ணன் வழித்துணைக்கு வந்தாரு."

பாச்சா சார் பேனா ஓடியது. முன்னறிவிப்பு எதுவும் செய்யப்படவில்லை என்பது ஐயமறத் தெளிவாவதால் நடவடிக்கை கைவிடப்படுகிறது. கண்ணாயிரத்தை அதன் கீழ் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கண்ணாயிரம் போட்டார். பென்ஷனுக்கு ஏழு வருஷம் பாக்கி இருக்கிற மனுஷன் வேறென்ன செய்வார்?

"பொழைச்சே போ. நீ வாயே திறக்கலைன்னு ருசு ஆயிடுத்து" என்று பாச்சா சார் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

வெளியே சிட்டிபாபு காத்திருந்தான்.

"கோச்சிக்காதண்ணா. நீ எல்லார்கிட்டயும் சொன்னேன்னு நான் சொன்னா அந்தத் தெருவுல நான் இருக்க முடியாது. என்கிட்ட மட்டும் சொன்னேன்னா உன் வேலை போயிடும். வேற வழியில்லை."

"எனக்கு நல்லதுதானபா செஞ்ச."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்டி இருக்குது?"

கண்ணாயிரம் சைக்கிள் பூட்டைத் திறந்தார். "ஆயுசுக்கு ஒரு நாள் சரியா சொன்னேன். அன்னிக்கு மழை பெஞ்சுதுன்னு நோட்டுல இருக்குது, நான் சொல்லவே இல்லைன்னு ஃபைல்ல இருக்குது. ரெண்டுலயும் என் கையெழுத்து."

சிட்டிபாபு அக்கம் பக்கம் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதே பாவுல ரெண்டாவது புடவை தறியில நிக்குது. ஒரு கறை இல்லை. வந்து தொட்டுப் பாருண்ணா. ஆனா விளக்கு வெச்சப்புறம் வா. தெருவுல யார் கண்லயாச்சும் பட்டா வம்பு" என்றான்.

மணி பதினொன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. வீரபாகுவும் மற்றவர்களும் அப்போதுதான் தெருவுக்குத் திரும்பி, அவரவர் வாசலில் நின்று விசாரணைக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். கண்ணாயிரம் சைக்கிளில் ஏறினார். ஆற்றங்கரைத் தெருமுனையில் திரும்பி, ஒரு வீடு விடாமல் மணியடித்துக்கொண்டே சிட்டிபாபுவின் வாசல்வரை போனார்.